தேயிலை ரோலரின் கிராங்கைக் கழற்றிக் காட்டிய அசைவூட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். தொழிற்பயிற்சி ஆசிரியர் என்ற முறையில், வேலை பாதி வழியில் சிக்கலான பிறகு என்னை அழைத்தார்கள். அதற்கு முன் நடந்தவற்றைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பின்னர் நடந்தவற்றை நேரில் பார்த்தேன்.

அங்கே 47 அங்குல ரோலர்கள் ஓடுகின்றன. இரவு முழுவதும் வாட்டிய கொழுந்தை ரோலரின் உருளைக் கூட்டுக்குள் நிரப்பி, மேலிருந்து மூடியால் அழுத்துவார்கள். அடியில் பித்தளைக் கட்டைகள் பதித்த மேசை இருக்கும். மூன்று கிராங்குகள், அதாவது சுழலும் கைகள், தாங்கும் கூடு அந்த மேசையின் மேல் வட்டமடிக்க, கொழுந்து முறுகிச் சாறு கசியும். மூன்றில் ஒன்றை மோட்டார் இழுக்கிறது, மற்ற இரண்டும் கூடவே சுற்றுகின்றன. நிமிடத்துக்கு 40 சுற்றுகளை ஒட்டிய மெதுவான ஓட்டம்தான். ஆனால் கூட்டின் எடையும் கொழுந்தின் எதிர்ப்பும் அந்த மூன்று இடங்களில்தான் இறங்குகின்றன. ஒரு கிராங்கின் பேரிங் கெட்டால் முழு ரோலரும் நிற்கும். வாட்டிய கொழுந்து காத்திருக்காது.

இந்தக் கிராங்குகளை முழுமையாகக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். தோட்டத்து லயத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தொழிற்சாலைக்கு வந்து, ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட பிட்டர், அதாவது இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் தொழிலாளி. இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேட்டில் பாதிப் பக்கங்கள் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும்போது ரோலரை நிறுத்த முடியாது. வரத்துக் குறைந்த நாட்களில்தான் கிராங்கைத் திறப்பார்கள். அதனால் அவரிடம் வேலை பழகும் இரண்டு இளைஞர்களுக்கு அந்த வேலையைப் பார்க்கும் வாய்ப்பே அரிதாக இருந்தது.

தொழிற்சாலைப் பொறுப்பாளர் ஒரு வழி கண்டார். ஹட்டனில் கணினி வரைபடம் படித்து முடித்திருந்த, அதே தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் மகனை அழைத்து, கிராங்கைக் கணினியில் வரைந்து, பாகம் பாகமாகப் பிரிந்து மீண்டும் சேர்வது போன்ற வீடியோ ஒன்றைச் செய்து தரச் சொன்னார். எக்ஸ்ப்ளோடட் வியூ எனப்படும் பிரிதோற்றத்தை அசையவைப்பதுதான் வேலை. யோசனை நல்லது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

முதல் வீடியோ

அந்த இளைஞர் ஒரு கிராங்க் திறந்திருந்தபோது வெர்னியரால் அளவெடுத்து, ஃபியூஷன் மென்பொருளில் பாகங்களை வரைந்தார். கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்குகளை மட்டும் அவர் வரையவில்லை. ஆயத்தமாகக் கிடைத்த முப்பரிமாணக் கோப்பை இறக்கிப் பொருத்தினார். பிறகு மென்பொருளின் அனிமேஷன் பகுதிக்குச் சென்று, எல்லா மட்டங்களையும் தானாகப் பிரிக்கும் கட்டளையைக் கொடுத்தார். எல்லாப் பாகங்களும் ஒரே நேரத்தில் அச்சின் வழியே விலகி வரிசையாக நின்றன. கேமராவைச் சுற்றவிட்டு, முடிவில் அதையே பின்னோக்கி ஓடவைத்து, வீடியோவாக வெளியிட்டார்.

பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். பார்வைக்கு அது உண்மையிலேயே அழகாக இருந்தது. பிட்டரிடம் காட்டியபோது அவர், “நன்றாக இருக்கிறது தம்பி” என்று மட்டும் சொன்னாராம். அதற்கு மேல் யாரும் அவரிடம் கேட்கவில்லை. பழகுநர்கள் இருவரும் வீடியோவைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு பலமுறை பார்த்தார்கள்.

அடுத்த பழுதுபார்ப்பு நேரத்தில் பிட்டர் காய்ச்சலில் படுத்திருந்தார். வீடியோவைப் பார்த்திருந்த நம்பிக்கையில் பழகுநர்களே ஒரு கிராங்கைக் கழற்றி, கழுவி, பூட்டினார்கள். ரோலர் ஓடத் தொடங்கிச் சில மணி நேரத்தில் பேரிங் கூட்டின் மேல் கை வைக்க முடியாத சூடு. கூட்டின் ஓரத்தில் கிரீஸ் கசிவும் தெரிந்தது. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் உடனே ரோலரை நிறுத்தினார். அதற்குள் இருந்த கொழுந்து முழுவதையும் ஒதுக்கிக் கொட்டச் சொன்னார். உணவுப் பொருளில் கிரீஸ் கலந்திருக்கலாம் என்ற ஐயம் ஒன்றே அதற்குப் போதும். அவர் தயங்காமல் எடுத்த முடிவு அது.

திறந்து பார்த்தபோது கண்டவை

பிட்டர் உடல் தேறி வந்ததும் கிராங்கைத் திறந்தார்கள். நானும் அங்கிருந்தேன். இரண்டு குறைகள் தெளிவாகத் தெரிந்தன.

முதலாவது, மூடிக்கும் பேரிங் கூட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய சிம் தகடுகளில் சில இல்லை. டேப்பர் ரோலர் பேரிங்கில் தண்டு முன்பின்னாகச் சிறிதளவு அசைய இடம் வேண்டும். அந்த இடத்தை நிர்ணயிப்பது மூடியின் கீழ் அடுக்கும் மெல்லிய தகடுகள்தான். தகடு குறைந்தால் மூடி பேரிங்கின் வெளிவளையத்தை இறுக்கும், உருளைகள் நெரிபடும், சூடு ஏறும். பழகுநர் ஒருவர் அந்தத் தகடுகளைக் கிரீஸில் ஒட்டிக்கிடந்த பழைய பேக்கிங் துண்டுகள் என்று நினைத்து, மண்ணெண்ணெயில் கழுவும்போது எறிந்துவிட்டிருந்தார். வீடியோவில் சிம் தகடே இல்லை. கால் மில்லிமீட்டருக்குக் குறைவான பாகம் என்பதால் வரைபவர் அதை விட்டுவிட்டார்.

இரண்டாவது, மூடிக்குள் இருக்கும் ஒயில் சீல், அதாவது கசிவைத் தடுக்கும் வளையம், திரும்பியிருந்தது. சீலின் உதடு, அதாவது சுருள் கம்பி தெரியும் பக்கம், எதைத் தடுத்து நிறுத்த வேண்டுமோ அதைப் பார்த்து இருக்க வேண்டும். இங்கே அது கிரீஸைப் பார்த்திருக்க வேண்டும். கணினியில் சீல் இரு பக்கமும் ஒரே மாதிரியான ஒரு வெற்று வளையமாக வரையப்பட்டிருந்தது. வீடியோவை ஆயிரம் முறை பார்த்தாலும் எந்தப் பக்கம் உள்ளே என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

பிட்டர் சீலை விரலால் தடவிக் காட்டி வரைபவரிடம் சொன்னது என் கொப்பியில் இருக்கிறது: “தம்பி, இதற்கு முகம் இருக்கிறது. நீங்கள் வரைந்ததில் முகம் இல்லை.”

பிறகு மூவரும் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வேறு பிழைகளும் வெளிப்பட்டன. சேதம் விளைவிக்காததால் அவை யார் கண்ணிலும் படாமல் இருந்தன. இறக்கிய பேரிங் கோப்பில் ஒவ்வொரு உருளையும் தனிப் பாகமாக இருந்ததால், பிரிதோற்றத்தில் அவை தனித்தனியே பறந்தன. உண்மையில் உள்வளையமும் கூண்டும் உருளைகளும் ஒரே தொகுதி. எந்தப் பிட்டரும் அதைப் பிரிப்பதில்லை. கிராங்கின் கையைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டை மேல்நோக்கி எழும்புவதற்குப் பதிலாகத் தண்டின் நீளத்துக்கு வழுக்கிச் சென்றது. நட் சுழலாமல் நேராகக் கழன்றது. அதன் கீழுள்ள பூட்டு வாஷரின் மடிப்பை முதலில் நிமிர்த்த வேண்டும் என்பதற்கான அடையாளமே இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று நான் கருதுகிறேன். கணினி பாகங்களைப் பிரித்தது, வரைபவர் அவற்றை எந்த அடுக்கில் வரைந்து வைத்தாரோ அந்த அடுக்கின்படி. கழற்றும் கை செல்லும் வழி வேறு. லியனார்டோ டா வின்சி 15ஆம் நூற்றாண்டில் வரைந்த பாரந்தூக்கிப் படத்தில், ஒரு பக்கம் முழு இயந்திரமும் மறுபக்கம் அதே அச்சில் விலகி நிற்கும் பாகங்களும் இருக்கின்றன. அத்தகைய அசையாத படத்தில் வரிசையைப் பார்ப்பவரே தேடிக்கொள்கிறார். அசையும் படத்திலோ எது முதலில் நகர்கிறதோ அதுவே கட்டளை ஆகிவிடுகிறது. ஆகவே அசைவூட்டத்தில் ஒவ்வொரு நகர்வும் வேலை செய்பவருக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல். அழகுக்காக ஒன்றையும் நகர்த்தக் கூடாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

யாரையும் தண்டிக்க வேண்டாம் என்று பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டார். வீடியோவைக் கைவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. பிட்டர்தான் மறுத்தார். பிள்ளைகள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், சரியாகச் செய்து கொடுப்போம் என்றார்.

முதலில் கணினியை மூடி வைத்தோம். பிட்டர் ஒரு கிராங்கை மெதுவாகக் கழற்ற, ஒரு பழகுநர் கைத்தொலைபேசியில் படம் பிடிக்க, வரைபவர் கொப்பியில் ஒவ்வொரு செயலையும் ஒரு வரியாக எழுதினார்: என்ன நகர்கிறது, எந்தத் திசையில், எந்தக் கருவியால், எதனோடு சேர்ந்து வருகிறது. கடைசிக் கேள்வி மிக முக்கியமானதாக அமைந்தது. சீல் மூடியோடு வருகிறது. உள்வளையங்கள் தண்டோடு வருகின்றன. வெளிவளையங்கள் பேரிங் கூட்டிலேயே தங்கிவிடுகின்றன. கணினியில் பாகங்களைத் தொகுப்பதும் இதன்படியே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம்.

அதன்பின் மாதிரியைத் திருத்தினார்கள். ஃபியூஷனின் அனிமேஷன் பகுதியில் காம்பொனன்ட் எனப்படும் தனிப் பாகங்களை மட்டுமே நகர்த்த முடியும். ஒரே காம்பொனன்டுக்குள் பல திண்ம வடிவங்களாக வரைந்திருந்தால் அவை பிரியாது. அதனால் சிம் தகடு ஒவ்வொன்றையும் தனிக் காம்பொனன்டாக வரைந்தார். பேரிங்கில் அதற்கு நேர்மாறான வேலை: உருளைகள், கூண்டு, உள்வளையம் மூன்றையும் ஒன்றாகத் தொகுத்து, வெளிவளையத்தை மட்டும் தனியே விட்டார். சீலை உதடும் சுருள் கம்பியுமாகப் புதிதாக வரைந்து, உதட்டுப் பக்கத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தார்.

சிம் தகடுகள் குறித்து ஒரு வாதம் நடந்தது. திரையில் அவை மயிரிழை போலத்தான் தெரிந்தன. பார்வைக்காகத் தடிப்பைப் பத்து மடங்கு கூட்டலாம் என்று வரைபவர் சொன்னார். நான் மறுத்தேன். தடித்த தகட்டைப் படத்தில் பார்த்துப் பழகியவர், கையில் மெல்லிய தகடு வந்தால் அதைப் பழைய பேக்கிங் என்றே மீண்டும் நினைப்பார். தடிப்பை அப்படியே வைத்து, தகடுகளை ஒன்றுக்கொன்று தூரமாக நகர்த்தி, பளிச்சென்ற நிறம் கொடுத்து, கேமராவை அருகில் கொண்டுசென்று அங்கே சில வினாடிகள் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கலாம் என்று முடிவாயிற்று. மெல்லியது என்பதே அங்கே கற்க வேண்டிய செய்தி.

தானாகப் பிரிக்கும் கட்டளையை இம்முறை தொடவில்லை. பாகங்களை வரிசையாகப் பிரிக்கும் தெரிவும் அந்தக் கட்டளையில் உண்டு. ஆனால் எந்த வரிசை என்பது நாம் விரும்பியபடி அமையாது. ஒவ்வொரு நகர்வையும் காலக்கோட்டில் கையாலேயே வைத்தார். நட்டுக்கு நகர்வோடு சுழற்சியையும் சேர்த்தார். வாஷரின் மடிப்பு நிமிர்வதைக் காட்டுவது சிக்கலாக இருந்தது, ஏனெனில் அந்த அசைவூட்டம் பாகங்களை நகர்த்தும், சுழற்றும், மறைக்கும்; வளைக்காது. மடித்த வாஷர் ஒன்று, நிமிர்ந்த வாஷர் ஒன்று என இரண்டை வரைந்து, ஒன்றை மறைக்கும் கணத்தில் மற்றதைத் தோன்றச் செய்தார். எளிய தந்திரம், போதுமானதாக இருந்தது.

கேமராவுக்கு ஒரே விதி வைத்தோம்: பாகம் நகரும்போது கேமரா அசையாது, கேமரா நகரும்போது பாகம் அசையாது. முதல் வீடியோவில் இரண்டும் சேர்ந்து சுழன்றதால் எது கழன்றது, எது வெறும் கோணமாற்றம் என்று பழகுநர்களுக்குப் புரியாமல் போயிருந்தது. பார்வை மாற்றங்களைப் பதிவதை நிறுத்தும் பொத்தான் அந்த மென்பொருளில் இருக்கிறது. அதை அணைத்து வைத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் இயக்கினார்.

தமிழ் விளக்கங்களை மென்பொருளுக்குள் எழுதாமல், வெளியிட்ட வீடியோவில் பின்னர் சேர்த்தோம். ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருந்தால் முழுவதையும் மறுபடி வெளியிட வேண்டியதில்லை. குரல் பிட்டருடையது. படத்தில் வர மாட்டேன் என்றவர், குரல் கொடுக்கச் சம்மதித்தார்.

பூட்டுவதற்குத் தனி வீடியோ

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். கழற்றுவதைப் பின்னோக்கி ஓட்டினால் பூட்டுவது வந்துவிடும் என்பது பெரும்பாலான பிரிதோற்ற அசைவூட்டங்களின் அனுமானம். இந்தக் கிராங்கில் அது பொய். பூட்டும்போது செய்கிற மிக முக்கியமான மூன்று வேலைகள் கழற்றும்போது நிகழ்வதே இல்லை.

ஒன்று, சிம் அளவைக் கண்டுபிடிப்பது. மூடியைச் சிம் இல்லாமல் வைத்து, தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே போல்ட்டுகளைச் சமமாக, மெதுவாக இறுக்க வேண்டும். தண்டின் அசைவு முற்றிலும் நின்று, சுற்றும்போது கை இலேசாகப் பிடிமானத்தை உணரும் இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போது மூடிக்கும் பேரிங் கூட்டுக்கும் இடையில் தெரியும் சந்து எவ்வளவு என்று, மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். சந்து 0.45 மில்லிமீட்டர், தண்டுக்குத் தர வேண்டிய அசைவு 0.10 மில்லிமீட்டர் என்றால், அடுக்க வேண்டிய சிம் மொத்தம் 0.55 மில்லிமீட்டர். எல்லாம் இறுக்கிய பின், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துத் தண்டை முன்பின்னாகத் தள்ளிச் சரிபார்க்க வேண்டும். பிட்டர் இத்தனை காலமும் டயல் கேஜ் இல்லாமல் கை உணர்வாலேயே இதைச் செய்துவந்தார். அவருடைய கையை நான் நம்புகிறேன். ஆனால் பழகுநருக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை. ஆகவே கேஜ் வாங்கித் தருமாறு கேட்டோம், வாங்கித் தந்தார்கள்.

இரண்டு, சீலைக் காப்பது. மூடியைத் தண்டின் மேல் ஏற்றும்போது சாவிக்கட்டைக் குழியின் கூரிய விளிம்பு சீலின் உதட்டைக் கீறிவிடும். குழியின் மேல் மெல்லிய டேப் சுற்றி, சிறிது கிரீஸ் தடவி ஏற்றினால் கீறாது. கழற்றும்போது பழைய சீலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பதால், பின்னோக்கி ஓடும் வீடியோவில் இது வர வாய்ப்பே இல்லை. கணினியில் அந்த டேப்பையும் ஒரு பாகமாக வரைந்து, மூடி ஏறியபின் மறையும்படி செய்தோம்.

மூன்று, பேரிங்குக்குள் கிரீஸ் திணிப்பது. இதைக் கணினியில் காட்ட முயலவில்லை. கையால் திணிப்பதைப் படம் பிடித்து இடையில் ஒட்டினோம். புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டுக் கிராங்கின் கையை இழுப்பதற்கும் அப்படித்தான். எவ்வளவு விசை, எங்கே தட்டுவது, எந்தச் சத்தம் வந்தால் நிறுத்துவது என்பவற்றை அசைவூட்டம் சொல்லாது.

கழற்றுவதையும் பூட்டுவதையும் மென்பொருளில் தனித்தனி ஸ்டோரிபோர்டுகளாக, அதாவது தனித்தனி நகர்வுத் தொடர்களாக, வைத்திருந்ததால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடவில்லை. ஆனால் இடையில் ஒருமுறை மாதிரியில் புதிய சிம் தகடு ஒன்றைச் சேர்த்தபோது, மூடி நகர்ந்து சென்றும் அது மட்டும் பழைய இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. பின்னர் சேர்க்கும் பாகத்துக்கு நகர்வு எதுவும் பதிவாகியிருக்காது, நாமே வைக்க வேண்டும். வெளியிடுவதற்கு முன் முதலிலிருந்து முடிவு வரை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

விளைவு

அடுத்த கிராங்கைப் பழகுநர்கள் இருவரும் கழற்றிப் பூட்டினார்கள். பிட்டர் அருகில் உட்கார்ந்து பார்த்தார். இடையிடையே ஒருவர் கையைக் கழுவி வந்து வீடியோவை நிறுத்திப் பார்த்துச் சென்றார். புல்லரின் நகங்களைச் சாய்வாக மாட்டியபோதும், ஃபீலர் கேஜை ஒரே பக்கம் மட்டும் விட்டு அளந்தபோதும் பிட்டர் குறுக்கிட்டார். மூடி சாய்ந்திருந்தால் சந்து ஒவ்வொரு பக்கமும் வேறுபடும் என்பதால் சுற்றிலும் அளக்க வேண்டும். அந்தக் குறிப்பு வீடியோவில் இல்லை, பின்னர் சேர்த்தோம்.

ரோலர் ஓடியது. பேரிங் கூடு இளஞ்சூட்டோடு நின்றது, கையை வைத்திருக்க முடிந்தது. கசிவு இல்லை. டீமேக்கர் அன்று மாலை வரை பலமுறை வந்து கூட்டின் ஓரத்தைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வீடியோவைக் கேட்டார்கள். அங்குள்ள ரோலரும் 47 அங்குலம்தான், வெளித்தோற்றம் ஒன்றே. ஆனால் அவர்களுடைய கிராங்கில் டேப்பர் பேரிங்குக்குப் பதில் உருளைகள் இல்லாத வெண்கலப் புஷ் இருப்பதாகத் தெரிந்தது. சிம் கணக்கு அதற்குச் செல்லாது. கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னது சிலருக்கு வருத்தம். உதவ மறுப்பதாக நினைத்தார்கள். இன்னொரு கிராங்கின் வீடியோவை வைத்துக்கொண்டு வேலை செய்வதைவிட வீடியோ இல்லாமல் செய்வது பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. அவர்களுடைய கிராங்கைத் திறக்கும் நாளில் வரைபவரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம்.

இனி மாற்ற வேண்டியவை

வீடியோவின் முதல் காட்சியிலேயே எந்த ரோலர், எந்தக் கிராங்க், எந்தத் தேதியில் திருத்தியது என்று எழுத வேண்டும். பழைய அழகான வீடியோ இன்னும் சில தொலைபேசிகளில் இருக்கிறது. அதைத் தேடி அழிப்பதே இப்போது ஒரு வேலையாகிவிட்டது.

கொப்பியில் வரிசை எழுதி முடிக்கும்வரை கணினியில் ஒரு கோடும் வரையக் கூடாது என்று வரைபவர் தானாகவே வைத்துக்கொண்ட விதியை என் மாணவர்களுக்கும் சொல்லித் தருகிறேன். பிட்டரின் ஒப்புதல் வாங்கும் முறையையும் மாற்றியிருக்கிறோம். முழு வீடியோவைக் காட்டி “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் மரியாதைக்காக நல்லது என்றே சொல்வார். முதல் தடவை நடந்தது அதுதான். இப்போது ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் நிறுத்தி, “அடுத்து எதைக் கழற்றுவீர்கள், ஐயா?” என்று கேட்கிறோம். அவர் சொன்ன பிறகு ஓட்டிப் பார்க்கிறோம். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் வீடியோவைத் திருத்துகிறோம்.

மோட்டார் பக்கத்துக் கிராங்கும் அதன் பல்சக்கரப் பெட்டியும் இன்னும் பதிவாகவில்லை. அதில் பாகங்கள் அதிகம். பல்சக்கரங்களின் பிடிப்பைச் சரிசெய்யும் முறையும் வேறு. பிட்டர் ஓய்வு பெறுவதற்குள் அதைத் திறக்கும் வாய்ப்பு வருமா என்று தெரியாததால், ஓய்வுக்குப் பின்னும் அந்த ஒரு வேலைக்காக அவரைக் கூலியோடு அழைக்கப் பொறுப்பாளர் எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறார். அதற்கான கொப்பியை வரைபவர் வாங்கிவிட்டார்.